அதே வாசலுக்கு மறுபடியும் போக வேண்டும்

1955-இல் ராஜாஜி பி.சி.ஜி. தடுப்பூசிக்கு எதிராக வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். காசநோயைத் தடுக்கும் என்று சொல்லி நாடெங்கும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மருந்தும் இங்கேயே தயாரானது. அதற்கென 1948-இலேயே கிண்டியில் ஓர் ஆய்வகம் அமைந்துவிட்டது. ராஜாஜியின் வாதங்களில் பல இன்று நிற்காது. ஊசியின் ஆபத்தை அவர் பெரிதுபடுத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை லட்சம் குழந்தைகளுக்குப் போடும் அளவுக்கு இதன் பலன் நிரூபணமாகிவிட்டதா என்ற கேள்வியை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியவில்லை. இங்கிலாந்தில் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அப்படியானால் நம் ஊரில் எப்படி?

அதற்கான பதில், எங்கள் செவ்வாப்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் தொடங்கும் திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தது. அன்று இது செங்கல்பட்டு மாவட்டம். அதனால் மருத்துவ உலகம் இன்றைக்கும் அதைச் ‘செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு’ என்றே சொல்கிறது. 1997-இல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் தனியானபோது பெயர் அங்கேயே தங்கிவிட்டது. நமக்குச் சேர வேண்டிய பெருமையில் பாதி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

1968-இல் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை மூன்றும் கைகோத்தன. வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்த மக்கள் தொகை மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு மாதக் கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோரும் இதில் அடக்கம். சிலருக்கு டென்மார்க் வகை பி.சி.ஜி., சிலருக்குப் பிரெஞ்சு வகை, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானமானது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இதன் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பவர் தெருவின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, அந்த வீட்டுக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் எண் கொடுப்பார். முன்கைத் தோலில் டியூபர்குலின் சோதனை ஊசி போடப்படும். மூன்றாம் நாள் வேறொருவர் வந்து, தடித்திருக்கும் இடத்தை விரலால் தடவி, விளிம்பைக் கண்டு, அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வார். அன்றைக்கு அந்த ஆள் களைபறிக்கப் போயிருந்தால் கழனிக்குத்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். மறுவாரம் வந்து பார்த்தால் தடிப்பு இறங்கியிருக்கும், போட்ட ஊசி வீண். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி அதே தெரு, அதே வீட்டு எண், அதே ஆள். அவர் இறந்துவிட்டாரா, கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாரா, பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விட்டாரா? எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு இரண்டரை ஆண்டு. இப்படியே பதினைந்து ஆண்டுகள்.

முதல் ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். ‘லான்செட்’ மருத்துவ இதழ் மறு ஆண்டு தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி என்ற பொருளில் தலைப்புப் போட்டுத் தலையங்கம் எழுதியது. எனக்கு அந்தத் தலைப்பு அப்போதும் இப்போதும் பொருத்தமாகப் படவில்லை. மூன்றரை லட்சம் பேர் ஒத்துழைத்து, உலகத்தில் அதுவரை இல்லாத அளவில் ஒரு கேள்விக்கு விடை கண்டால் அது எப்படிக் கெட்ட செய்தியாகும்? பதினைந்து ஆண்டு முழுக் கணக்கு 1999-இல் வெளிவந்தது. பெரியவர்களிடம் பலன் இல்லை என்பது உறுதியானது. சிறுவர்களிடம் 27 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது, அதுவும் புள்ளிவிவரக் கண்ணால் பார்த்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியாத அளவு. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயையும் உடல் முழுதும் பரவும் வகையையும் பி.சி.ஜி. தடுக்கிறது என்று வேறு ஆய்வுகளால் தெரிந்ததால், பிறந்ததும் போடும் ஊசி இன்றும் தொடர்கிறது. தொடரவும் வேண்டும்.

இங்கிலாந்தில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? இந்த மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான கிருமிகள் ஏராளம். ஊசிக்கு முன்பே மக்கள் உடல் அவற்றோடு பழகிவிட்டதால் ஊசியின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. வாதம் இன்னும் ஓயவில்லை. 2024-இல் பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு இந்தியாவின் பல மாநிலங்களில் தொடங்கியபோது, ஆதரித்தவர்களும் ஐயப்பட்டவர்களும் புரட்டியது இந்தச் செங்கல்பட்டு ஏடுகளைத்தான். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் அளவுகோல் வைத்துக் குறித்த மில்லிமீட்டர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

ஏன் இத்தனை பேர், இத்தனை ஆண்டுகள்? காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தவர்களில் மிகச் சிலருக்கே நோய் வெளிப்படும். அதற்கும் பல ஆண்டுகள் ஆகலாம். ஆயிரம் பேரை ஓராண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கானவர்களைப் பத்துப் பதினைந்து ஆண்டு பார்த்தால்தான் வேறுபாடு தலைகாட்டும். இதய நோய், சர்க்கரை நோய், புற்றுநோய், தூசியால் வரும் நுரையீரல் நோய் எல்லாமே இந்த வகைதான். காரணம் இருபது வயதில், விளைவு ஐம்பது வயதில். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு கேள்வி கேட்டு எழுதிக்கொள்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: வராமலே செத்துப்போனவர்களை நாம் கேட்க முடியாது.

செங்கல்பட்டு ஏடு ஒரு கேள்வியோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. ஆய்வு நடந்த காலம் முழுதும் இந்தப் பகுதியில் காசநோய் எவ்வளவு என்ற கணக்கு ஏறிக்கொண்டே வந்ததல்லவா? அது தானாகவே மெல்லத்தான் குறைந்தது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழுக்காடு. 1999-இல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் திருவள்ளூர் மாவட்டத்தில் டாட்ஸ் முறையை, அதாவது சுகாதார ஊழியர் கண் முன்னால் நோயாளி மாத்திரை விழுங்கும் முறையை, முன்மாதிரியாகத் தொடங்கியது. பழைய ஆய்வுக் களத்திலேயே, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்கெடுத்தார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சம் பேரில் 607 பேருக்குச் சளியில் கிருமி வளர்ந்தது முதல் சுற்றில். மூன்றாம் சுற்றில் அது 309. ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு வீழ்ச்சி. பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், இது டாட்ஸின் வேலையா, காலத்தின் வேலையா என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

நான்காம் சுற்றில், 2006-08-இல், எண்ணிக்கை 388-க்கு ஏறியது. பாராட்டு விழாவுக்குத் தயாராக இருந்தவர்களுக்கு இது கசந்திருக்கும். ஆனால் மூன்றாம் சுற்றோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அரசாங்கத் திட்டங்களில் பெரும்பாலானவை அந்த மூன்றாம் சுற்றில்தான் அறிக்கை எழுதி மேடை போடுகின்றன.

இதே களத்தில் கிளைவிட்ட சிறு ஆய்வுகளும் உண்டு. குணமாகிவிட்டார் என்று அட்டையில் எழுதி அனுப்பிய 503 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 62 பேருக்கு மறுபடி நோய் வந்திருந்தது. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்கள், பீடி சிகரெட்டை விடாதவர்கள், தொடக்கத்திலேயே மருந்துக்கு மசியாத கிருமி இருந்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். விறகு, வறட்டி எரிக்கும் வீட்டுக்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதையும் இங்கே ஆராய்ந்தார்கள். பக்கத்து ஆவடியை மையமாகக் கொண்டு தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. 1991 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1,71,400 பேர் ஊசிக்குக் கை நீட்டினார்கள். நான்கு வகை ஊசிகளில் இரண்டு வகை, நோயை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தடுத்தன என்று 1998-இல் தெரிந்தது. அந்த ஆவடிக் கள அலுவலகம்தான் பிறகு தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு சேர்ந்தது. அது இன்று அயப்பாக்கத்தில் இருக்கிறது. உலகத் தரமான இரண்டு நிறுவனங்கள், ஒன்று சேத்துப்பட்டில், ஒன்று அயப்பாக்கத்தில். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்ரயில் ஏறினால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு வரலாம்.

நெடுங்கால ஆய்வு என்றால் வெளிநாட்டுக் கதைதான் எல்லோர் வாயிலும் வரும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948 முதல் 5,209 பேரைப் பின்தொடர்ந்துதான் ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் இதயத்தை என்ன செய்கின்றன என்று தெரிந்தது. பிரிட்டனில் 1951-இல் டால், ஹில் இருவரும் மருத்துவர்களையே பின்தொடர்ந்து சிகரெட்டின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தார்கள். சரி. ஆனால் சென்னையிலும் விழுப்புரத்திலும் 43,000 ஆண்களின் மரணத்தை வீடு தேடிப் போய் விசாரித்து, காசநோயால் சாகும் இந்திய ஆண்களில் பாதிப் பேர் சாவுக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று 2003-இல் சொன்ன கஜலட்சுமியின் ஆய்வை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2001-இல் 26,001 பேரோடு தொடங்கிய சென்னைச் சர்க்கரை நோய் ஆய்வில், ‘எல்லையில் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தாண்டுக்குள் சர்க்கரை நோயாளிகளாகிவிட்டார்கள். ஃபிராமிங்ஹாம் வெள்ளைக்காரர்களை வைத்து நம் உடம்பைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இது புலப்பட்டிருக்காது.

எல்லாம் புகழுரையாகப் போகக் கூடாது. 1968-இல் ஒப்புதல் என்பதன் பொருள் வேறு. ஊர்ப் பெரியவர் தலையாட்டினால் ஊரே கை நீட்டிய காலம். மனிதர்கள் மீது நடத்தும் ஆய்வுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கையே 1980-இல்தான் வந்தது. வெறும் ஊசி யாருக்குப் போடப்பட்டது என்பதில் மறைவு தேவைதான். ஆய்வு முடிந்த பிறகு முடிவைச் சொல்வதில் என்ன மறைவு? முடிவுகள் ஆங்கில மருத்துவ இதழ்களில் வெளியாயின. அன்று கை நீட்டியவர்களின் பேரப்பிள்ளைகளை இன்று நிறுத்திக் கேளுங்கள்: உங்கள் தாத்தா உலகத்துக்கு ஒரு விடை கொடுத்தார், தெரியுமா? தெரியாது என்பார்கள். திருவள்ளூரில் இதற்கொரு கல்வெட்டு வைத்தால்கூடத் தகும்.

இப்போது இந்த மாவட்டத்தைப் பாருங்கள். ஏரிப் பாசனக் கழனிகளில் மனைப்பிரிவுக் கற்கள் நட்டாகிவிட்டது. காக்களூரில் சிட்கோ, கும்மிடிப்பூண்டியில் சிப்காட். பழைய இரும்பை உருக்கிக் கம்பி நீட்டும் ஆலைகள், வார்ப்படப் பட்டறைகள், ரசாயனக் கூடங்கள். ஊத்துக்கோட்டை, திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள். 1968-இல் கணக்கெடுத்தவர் கண்ட மக்கள் அல்ல இவர்கள். அவர் கேட்ட கேள்விகளும் இவர்களுக்குப் போதாது.

கும்மிடிப்பூண்டியில் உலைக்கு முன்னால் நிற்கும் ஒரு பீகார்ப் பையனை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவன். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். ஷிப்டு முடிந்து வந்தால் துப்பும் எச்சிலில் கறுப்பு. மூன்றாண்டில் இரண்டு கம்பெனி மாறியிருப்பான். இருமல் வந்தால் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடிப்பான். முடியவில்லை என்றால் ரயிலேறி ஊருக்குப் போவான். நாற்பது வயதில் அவனுக்கு மூச்சு வாங்கினால், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் அங்கே ஏதோ ஒரு மாவட்டத்தில் இருப்பார். கும்மிடிப்பூண்டி அவர் எழுதும் சீட்டில் வராது. அந்தப் பையன் இங்கே வாழ்ந்ததற்கும் அங்கே நோயாளியானதற்கும் இடையே ஒரு நூலும் இல்லை. ஆபத்தான தொழில் செய்பவர்களின் உடல்நலப் பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. ஆனால் அந்தப் பதிவேடு ஆலைக்குச் சொந்தம். ஆள் வெளியேறிய அன்றே அவன் பக்கமும் முடிந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே, வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறார்களே, அந்தத் தரவு போதாதா என்று கேட்கலாம். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். மாத்திரை வீட்டுக்கே வருவது சிறிய காரியமல்ல. ஆனால் சேவைக் கணக்கு வேறு, ஆய்வுக் கணக்கு வேறு. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று எழுதுவது சேவைக் கணக்கு. போன முறை இருந்த ஆள் இந்த முறை ஏன் இல்லை என்று தேடிப் போவது ஆய்வுக் கணக்கு. பூட்டிய வீட்டைத் தாண்டிப் போனால் முதலாவதற்கு நஷ்டம் கொஞ்சம். இரண்டாவது அங்கேயே கெட்டுப்போகும். தவிர, பகலில் வீட்டில் இருக்கும் பெண்களும் முதியவர்களும்தான் இந்தத் தராசில் ஏறுகிறார்கள். ஷிப்டுக்குப் போன ஆணையும், ஹாஸ்டலில் தங்கியிருக்கும் செல்போன் கம்பெனிப் பெண்ணையும் பகல் பதினொரு மணிக்கு யார் பார்ப்பது?

தேவை ஒரு புதிய திருவள்ளூர் ஏடு. செவ்வாப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து ஒரு பகுதி, கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களிலிருந்து ஒரு பகுதி, சூளைக் குடும்பங்களிலிருந்து ஒரு பகுதி என்று எடுத்து, இருபது ஆண்டு பின்தொடர வேண்டும். மூச்சுத் திறன், ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் ஈயம், எடை, சாப்பாடு, தூக்கம். கர்ப்பிணிகள் ஏற்கெனவே அரசின் பதிவெண் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் பிறக்கும் குழந்தைகளைத் தொடர்வது எளிது. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஒரு காற்று மாசு ஆய்வு, காற்றில் நுண்துகள் கூடக் கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைவதை 2018-இல் காட்டியது. உலைக்கூடங்களின் நிழலில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதே அளவா, கூடுதலா? இருக்கும் தரவில் இதற்கு விடை இல்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆலை நிர்வாகத்தின் கைக்கு எந்தத் தனி ஆளின் முடிவும் போகக் கூடாது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்ற சொல் வரும். அப்படி ஒரு ஆளுக்கு நடந்தாலும் போதும், மறு சுற்றில் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். ஏடு சேத்துப்பட்டிலோ அயப்பாக்கத்திலோ இருக்கட்டும். தொழிலாளிக்கு அவர் முடிவு அவர் மொழியில், இந்தியோ ஒடியாவோ, கையில் கிடைக்க வேண்டும். வைத்தியமும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவும் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். 1968-இன் பழைய பாக்கியையும் அந்தச் சாக்கில் தீர்த்துவிடலாம்.

பணம்? ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் மூன்றாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு ப்ராஜெக்ட் என்று பணம் வருகிறது. ஊழியர்கள் ஒப்பந்தத்தில். மூன்றாம் ஆண்டு முடியும்போது, தெருவை மனப்பாடமாக வைத்திருக்கும் களப்பணியாளர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். அவரோடு போவது தரவில் பாதி. எந்த வீட்டில் மருமகள் பேசுவாள், எந்த வீட்டில் மாமியாரைக் கேட்டால்தான் உண்மை வரும் என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் ஏறாத அறிவு. எனவே முதல் செலவு, களப்பணியாளருக்கு நிரந்தர வேலை. தொழிற்பேட்டைகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சட்டப்படி வசூலித்து இதற்கென ஒதுக்கலாம். தூசியை ஊருக்குக் கொடுப்பவர்கள் தூசியின் கணக்குக்கும் கொடுக்கட்டும்.

புலம்பெயர்ந்து திரியும் ஆட்களை இருபது ஆண்டு எப்படிப் பின்தொடர்வது என்பது நியாயமான சந்தேகம். செல்போன் எண் மாறும், முகவரி மாறும், காண்ட்ராக்டர் மாறுவார். ஆனால் பழைய ஆய்வுக்காரர்களும் கூலிக்குப் போன ஆட்களைக் கழனிவரை தேடிப் போனவர்கள்தானே. இன்றைக்கு ஒரே ஊரிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். ஒரு அறையில் தங்குகிறவர்களில் நாலு பேர் மாமன் மச்சானாக இருப்பார்கள். சொந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பெயர், அங்கே இருக்கும் அம்மா அல்லது அண்ணன் பெயர், அவர்கள் போன் எண், தீபாவளிக்குப் போவாரா ஹோலிக்குப் போவாரா என்ற விவரம் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு பீகார், ஒடிசா அரசுகளின் சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போதும். இங்கே எடுத்த முதல் எக்ஸ்ரேயின் நகல் அங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வழி இருந்தால், நாற்பது வயதில் அந்த உலைக்கூடப் பையனைப் பார்க்கும் டாக்டர் கும்மிடிப்பூண்டி என்ற பெயரையும் எழுதிக்கொள்வார்.